ரேஸ் காரில் நம்பர் எங்கே, ஸ்பான்சர் லோகோ எங்கே?

[திரை: ஸ்டிக்கர் எதுவும் இல்லாத வெள்ளைக் கார், பக்கவாட்டுத் தோற்றம்]

ரேஸ் காருக்கு டிசைன் போடும்போது பலரும் செய்வது இதுதான். அதிகப் பணம் கொடுத்த ஸ்பான்சரின் லோகோவைக் கதவு நடுவில் பெரிதாக வைப்பார்கள். மிஞ்சிய மூலையில் நம்பரைச் செருகுவார்கள். பிறகு பந்தயத்துக்கு முந்தைய கார் பரிசோதனையில் காரைத் திருப்பி அனுப்பும்போது முழிப்பார்கள். முதலில் நம்பர். அடுத்தது விதிப்படி ஒட்டியே ஆகவேண்டிய குறிகள். அதற்குப் பிறகு மிஞ்சுவதுதான் நீங்கள் விற்கக்கூடிய இடம்.

காருக்குள் டிரான்ஸ்பாண்டர், அதாவது நேரம் பதியும் சிக்னல் கருவி, இருக்கிறதே, நம்பரை யார் கண்ணால் படிக்கப்போகிறார்கள்? பந்தயப் பாதையோரம் நிற்கும் பாதுகாப்பு அலுவலரான மார்ஷல் படிக்கிறார். டிரான்ஸ்பாண்டருக்குத் தெரிந்தது கார் எப்போது கோட்டைத் தாண்டியது என்பது மட்டும். முந்தக் கூடாது என்று எச்சரிக்கும் மஞ்சள் கொடி ஆடும்போது முந்தியது யார், எந்தக் காரிலிருந்து ஆயில் ஒழுகுகிறது என்பதையெல்லாம் வளைவில் நிற்பவர்தான் பார்த்து ரேடியோவில் சொல்ல வேண்டும். 200 கி.மீ. வேகத்தில் கார் நொடிக்கு சுமார் 56 மீட்டர் போகிறது. படிக்க அவருக்குக் கிடைப்பது ஏறக்குறைய ஒரு நொடி.

[திரை: கதவில் வெள்ளைக் கட்டம், உள்ளே கறுப்பு நம்பர், அளவுகளுடன்]

உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் விதிக்கோவையில் உள்ள அடிப்படை அளவு இது: வெள்ளைக் கட்டத்தில் கறுப்பு எண். சாதாரண மூடிய கார்களுக்கு எண்ணின் உயரம் குறைந்தது 28 செ.மீ., கோட்டின் தடிமன் 5 செ.மீ. கட்டம் 50 செ.மீ. அகலம், 38 செ.மீ. உயரம். ஒற்றை இருக்கை கார்களுக்கு எண் 23 செ.மீ., தடிமன் 4. கட்டம் 45-க்கு 33. எண்ணுக்கும் கட்டத்தின் விளிம்புக்கும் இடையே எல்லாப் பக்கமும் 5 செ.மீ. வெறுமையாக இருக்க வேண்டும். கார் வெளிர் நிறமென்றால் கட்டத்தைச் சுற்றி 5 செ.மீ. கறுப்புப் பட்டை. ஒவ்வொரு பந்தயத் தொடரும் இதைத் தன் வசதிக்கு மாற்றிக்கொள்ளும். ஆகவே உங்கள் தொடரின் விதிப்புத்தகத்தில் அந்தப் பக்கத்தைப் படிக்காமல் வினைலை (ஸ்டிக்கர் தாளை) வெட்டாதீர்கள்.

அளவு சரியாக இருந்தும் படிக்க முடியாத நம்பர்கள் உண்டு. எழுத்துருதான் காரணம். சாய்ந்த எழுத்து, நிழல், மூன்று நிற விளிம்பு, குரோம் வினைல் இவை எல்லாம் நின்றிருக்கும் காரில் அழகு. ஓடும் காரில் 3-ம் 8-ம் ஒன்றாகிவிடும். 6-இன் வாயும் 9-இன் வாயும் நன்றாகத் திறந்திருக்க வேண்டும். சாய்வெழுத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. வலப்பக்கத்தில் முன்னோக்கிப் பாயும் எண், இடப்பக்கத்தில் காரின் பின்பக்கம் பார்த்துச் சாயும். படத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பலாம், எண்ணைத் திருப்ப முடியாதே.

[திரை: பானட், தாழ்ந்த கோணத்திலிருந்து]

பானட்டில், அதாவது காரின் முன்மூடியில், ஒட்டும் நம்பரில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். மேலிருந்து பார்த்தால் 28 செ.மீ. எண் கம்பீரமாக இருக்கும். ஆனால் கொடிக்காரரின் பார்வை அந்தத் தகட்டை 10 டிகிரி கோணத்தில் தொடுகிறது என்றால், அவருக்குத் தெரியும் உயரம் வெறும் 5 செ.மீ. சாலையில் எழுதும் ‘மெதுவாக’ என்ற சொல்லை நீட்டி எழுதுகிறார்களே, அதே காரணம். விதி அனுமதித்தால் பானட் எண்ணை உயரவாக்கில் நீட்டுங்கள். இல்லையேல் முன்கண்ணாடியின் மேல் மூலையிலும் பளிச்சென்ற நிறத்தில் ஒரு சிறிய எண் ஒட்டுங்கள். பல தொடர்கள் இதைக் கட்டாயமாகவே கேட்கின்றன.

ஃபார்முலா வகைக் கார்களில் பக்கவாட்டு எண்ணை முன்சக்கரம் மறைத்துவிடும். அதனால்தான் அங்கே மூக்கு, எஞ்சின் மூடி, பின் இறக்கையின் பக்கத்தகடு என்று எண் அலைகிறது. ரேலியில் கதை வேறு. முன்கதவின் முன்விளிம்பை ஒட்டி 67-க்கு 17 செ.மீ. பலகை, அதன் முன்பகுதியில் 14 செ.மீ. உயர ஃப்ளோரசன்ட் மஞ்சள் எண். ஜன்னலின் கீழ்விளிம்பிலிருந்து 7 முதல் 10 செ.மீ. கீழே. மிச்சப் பலகை அமைப்பாளருக்கு. அங்கே உங்கள் லோகோவுக்கு இடமில்லை.

[திரை: மின்னல் முக்கோணம், ‘E’ வட்டம், இழுவைக் கொக்கி அம்பு]

அடுத்தது, யாரும் மறைக்கக் கூடாத மூன்று குறிகள். மின்துண்டிப்பு சுவிட்சைக் காட்டும் நீல முக்கோணம்: உள்ளே சிவப்பு மின்னல், வெள்ளை விளிம்பு, அடிப்பக்கம் குறைந்தது 12 செ.மீ. தீயணைப்பானின் கைப்பிடியைக் காட்டும் சிவப்பு ‘E’ என்ற ஆங்கில எழுத்து: வெள்ளை வட்டம், சிவப்பு விளிம்பு, குறைந்தது 10 செ.மீ. விட்டம். மூன்றாவது, இழுவைக் கொக்கியைக் காட்டும் அம்பு. விபத்தில் ஓடிவருபவர் இவற்றைத் தேடக் கூடாது. கண்ணில் பட வேண்டும். கண்ணாடியையும் விளம்பரப் பலகையாக்க முடியாது. எஃப்ஐஏ விதிப்படி முன்கண்ணாடியின் மேலே 10 செ.மீ. பட்டை, பின்கண்ணாடியில் 8 செ.மீ. பட்டை, அதுவும் ஓட்டுநரின் பின்பார்வை மறையாத வரை.

இனி லோகோ. நம்பரைப் படிப்பது மனிதக் கண். லோகோவைப் படிப்பது பெரும்பாலும் கேமரா. அதனால் பக்கவாட்டை மட்டும் பார்த்து விலை போடாதீர்கள். பந்தயப் புகைப்படங்களில் பெரும்பாலானவை முன்பக்கச் சாய்கோணத்தில் எடுத்தவை. அதில் முன்பம்பர், பானட், முன்சக்கரத்துக்குப் பின்னால் உள்ள தகடு ஆகியவை தெரியும். காருக்குள் இருக்கும் கேமராவுக்கு டாஷ்போர்டின் மேல்பக்கம். துரத்திவரும் காரின் கேமராவுக்குப் பின் இறக்கையும் பின்பம்பரும்.

நம்பரும் லோகோவும் ஒரே இடத்துக்கு மோதியதற்கு நல்ல உதாரணம் அமெரிக்காவின் நாஸ்கார் பந்தயம். அங்கே நம்பர் பல பத்தாண்டுகளாகக் கதவு நடுவில் இருந்தது. 2020-இல் பிரிஸ்டலில் நடந்த ஆல்-ஸ்டார் பந்தயத்தில் அதைப் பின்சக்கரம் பக்கம் தள்ளிப் பார்த்தார்கள். 2022-இல் புதிய தலைமுறைக் காரோடு முன்சக்கரத்தை ஒட்டி நிரந்தரமாக நகர்த்தினார்கள். கதவிலிருந்து பின்சக்கரம் வரை ஒரே நீளமான இடம் ஸ்பான்சருக்குக் கிடைத்தது. ரசிகர்களில் பலருக்கு அது பிடிக்கவில்லை. வியாபாரமாகப் பார்த்தால் சரியான முடிவுதான். கார் அழகாக இல்லை என்பதும் உண்மைதான்.

ஃபார்முலா ஒன்னில் 2022-இலும் 2023-இலும் எடையைக் குறைக்கப் பல அணிகள் பெயிண்டைச் சுரண்டி, அடியிலுள்ள கறுப்புக் கார்பன் ஃபைபரை அப்படியே விட்டன. கறுப்புப் பரப்பில் அடர்நீலமும் அடர்சிவப்பும் செத்துவிடும். ஸ்பான்சரிடம் ஒற்றை வெள்ளை நிற லோகோவையும் முதலிலேயே வாங்கி வையுங்கள்.

[திரை: தாளில் அச்சிட்ட எண்ணைக் கதவில் டேப்பால் ஒட்டுகிறார்கள்]

வெட்டுவதற்கு முன் முழு அளவில் தாளில் அச்சிட்டு காரில் ஒட்டி, 30 மீட்டர் தள்ளிப்போய்ப் படமெடுங்கள். அந்தப் படத்தைக் கறுப்பு-வெள்ளையாக மாற்றுங்கள். சிவப்பில் நீலம் போட்டவர்களுக்கு எண் காணாமல் போயிருக்கும்.

வினைலில் காஸ்ட் வகை சுமார் 50 மைக்ரான். வளைவில் படியும், சுருங்காது. காலண்டர்டு வகை தடித்தது, மலிவு. தட்டையான கதவுக்குப் போதும், வீல் ஆர்ச்சில் சில நாளில் எழும்பிவிடும். ஒட்டுமிடத்தை ஐசோபிரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து மெழுகை அகற்றுங்கள். 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிர்ந்த தகட்டில் பசை பிடிக்காது. புதிதாகப் பெயிண்ட் அடித்த தகட்டில் உடனே ஒட்டினால் கரைப்பான் ஆவி வெளியேறிக் கொப்புளம் வரும். கூர்மையான மூலைகளை உருட்டி வெட்டுங்கள். காற்று முதலில் அங்கேதான் உரிக்கத் தொடங்கும். கதவு இடுக்கின் மேல் பாலம்போல் ஒட்டாமல், வெட்டி உள்ளே மடியுங்கள். இறக்கையின் அடிப்பக்கத்தில் எதுவும் வேண்டாம், காற்றோட்டம் கெடும். பெட்ரோல் மூடியைச் சுற்றி லேமினேஷன் இல்லாத அச்சு கரைந்து ஓடும். பாலிகார்பனேட் ஜன்னலில் அசிட்டோனும் பிளேடும் கூடாது, விரிசல் விழும்.

முன்பம்பரில் முக்கியமான எண்ணை வைக்காதீர்கள். முதல் இடியில் போவது அதுதான். ஒரு முழு நம்பர் செட் பெட்டியில் உபரியாக இருக்கட்டும். அதுவும் தீர்ந்துவிட்டால் 5 செ.மீ. அகலக் கறுப்பு காஃபர் டேப் (துணி ஒட்டுநாடா) போதும். விதி கேட்கும் தடிமனும் அதேதான். ஒட்டியதும் பரிசோதனை அதிகாரியிடம் காட்டி ஒப்புதல் வாங்கிவிட்டுக் காரை இறக்குங்கள்.