மூன்று கணக்குகள் போதும்

(தொடக்கப் பள்ளி ஆசிரியர்களின் குறுவள மையக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஆசிரியர் நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

மூன்றாம் வகுப்புக்கு நாளை கழித்தல் நடத்தப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இனமாற்றம் செய்து, அதாவது ஒரு பத்தைப் பிரித்து ஒன்றுகளாக்கிக் கழிக்கும் கணக்கு. பாடக்குறிப்பு எழுத உட்காருவதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். இன்று மாலை மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது கரும்பலகையில் மூன்று கணக்கு எழுதுங்கள்: 48−15, 42−17, 50−23. நோட்டில் போட்டு மேசையில் வைத்துவிட்டுப் பிள்ளைகள் வீட்டுக்குப் போகட்டும்.

முதல் கணக்கில் இனமாற்றமே இல்லை. அதில் தடுமாறும் பிள்ளைக்கு ஒன்றுகள், பத்துகள் என்பதே இன்னும் பிடிபடவில்லை. 42−17க்கு வருவோம். சரியான விடை 25. ஆனால் வகுப்பில் பல நோட்டுகளில் 35 என்று இருக்கும். எப்படி வந்தது என்று கேட்டுப் பாருங்கள். ஒரு பிள்ளை, "ரெண்டுல ஏழு போகாது டீச்சர், அதனால ஏழுல ரெண்டைக் கழிச்சேன்" என்று சொல்லும். இன்னொரு பிள்ளை பக்கத்திலிருந்து ஒரு பத்தை வாங்கி, 12இல் 7 போக 5 என்று ஒழுங்காகவே செய்திருக்கும். பத்தைக் கொடுத்த 4 இப்போது 3 ஆகிவிட்டது என்பதை மட்டும் விட்டுவிட்டிருக்கும். இரண்டு பேருக்கும் விடை 35தான். நாமும் இரண்டு நோட்டிலும் தப்பு என்று சிவப்பு மையில் போட்டுவிட்டு அடுத்த நோட்டுக்குப் போய்விடுவோம்.

அதற்காகத்தான் மூன்றாவது கணக்கு. 50−23ஐ முதல் பிள்ளையிடம் கொடுத்தால், மூன்றில் பூஜ்யத்தைக் கழித்து 33 என்று எழுதும். இரண்டாவது பிள்ளை 37 என்று எழுதும். இப்போது இருவரும் தனித்தனியாகத் தெரிகிறார்கள். முதல் பிள்ளைக்குக் கழித்தல் என்றால் என்ன என்பதையே குச்சிகளை வைத்துக் காட்ட வேண்டும். இரண்டாவது பிள்ளைக்கு ஐந்து நிமிடம் போதும். அந்தப் பிள்ளையைப் பிடித்து உட்காரவைத்து முழுப் பாடத்தையும் முதலிலிருந்து நடத்தினால், அதற்குச் சலிப்புதான் மிஞ்சும்.

பாடத் திட்டமிடல் என்று நான் சொல்வது இந்த வேலையைத்தான். எந்தக் கேள்வியைக் கேட்டால் பிள்ளையின் யோசனை வெளியே வரும் என்று பார்த்துப் பொறுக்கி எடுப்பது. அது சரியாக அமைந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக விழும்.

சரி, மறுநாள் வகுப்பு. முதல் பத்து நிமிடம் எல்லோரும் ஒன்றாக இருக்கட்டும். பத்துப் பத்தாகக் கட்டிய நான்கு குச்சிக் கட்டு, இரண்டு உதிரிக் குச்சி. இதிலிருந்து 17ஐ எடுக்கச் சொல்லுங்கள். கட்டைப் பிரிக்காமல் எடுக்க முடியாது என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். அப்புறம் பிரியலாம். 50−23க்கு 33 எழுதியவர்கள் குச்சியோடு இன்னும் நாலைந்து கணக்கு செய்யட்டும். 37 எழுதியவர்கள் கட்டைப் பிரிக்கும் ஒவ்வொரு தடவையும் மீதிக் கட்டு எத்தனை என்பதை உடனே நோட்டில் எழுதட்டும். முதல் கணக்கிலேயே நின்றவர்களோடு நீங்கள் தரையில் உட்கார்ந்து, எண்ணிக் கட்டுவதிலிருந்து தொடங்குங்கள். உங்கள் நேரத்தில் பெரும்பங்கு அவர்களுக்குத்தான்.

மூன்றையும் சரியாகப் போட்ட பிள்ளைகளை என்ன செய்வது? "நீ போய் அவனுக்குச் சொல்லிக்கொடு" என்பது எல்லா வகுப்பிலும் நடக்கிறது. எப்போதாவது என்றால் நல்லதுதான். தினமும் அதே வேலை என்றால் அந்தப் பிள்ளை எப்போது கற்றுக்கொள்ளும்? விடை 25 வர வேண்டும், கட்டைப் பிரித்தே ஆக வேண்டும், அப்படிப்பட்ட கணக்குகளை நீயே உருவாக்கு என்று கொடுத்துப் பாருங்கள். அரை மணி நேரம் தலை நிமிராது.

இதெல்லாம் நமக்குப் புதிது இல்லை. ஆந்திராவில் மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் இருக்கும் ரிஷிவேலிப் பள்ளியில் கற்றல் ஏணியும், அதாவது பாடத்தைப் படிப்படியாக அடுக்கிய வரிசையும், ஒவ்வொரு படிக்குமான அட்டைகளும் உருவாயின. அதைப் பார்த்துவிட்டு வந்துதான் 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில், அட்டைகளை வைத்துப் பிள்ளை தன் வேகத்தில் படிக்கும் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. 2007-08இல் தமிழ்நாடு முழுக்கப் பரவியது. பாய், பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை, தட்டுகளில் அட்டை என்று பலருக்கும் நினைவிருக்கும். அதில் எனக்கு மிகப் பெரிதாகப் படுவது ஒன்றுதான். அம்மாவோடு வேலைக்குப் போய்ப் பத்து நாள் பள்ளிக்கு வராத பிள்ளை, திரும்பி வரும்போது தான் விட்ட அட்டையிலிருந்தே தொடரலாம். அந்தப் பிள்ளையை விட்டுவிட்டுப் பாடம் ஓடிப்போகவில்லை. குறையும் உண்டு. அட்டையை முடிப்பதே குறி என்று ஆன வகுப்புகளில் பிள்ளைக்குப் புரிந்ததா என்று யாரும் பார்க்கவில்லை.

பிறகு கொரோனா வந்தது. 2020 மார்ச்சில் ஒன்றாம் வகுப்பின் முடிவில் வீட்டுக்குப் போன பிள்ளை, 2021 நவம்பர் 1ஆம் தேதி மூன்றாம் வகுப்பு மாணவராக வந்து உட்கார்ந்தது. கையில் மூன்றாம் வகுப்புப் புத்தகம். பல பிள்ளைகளுக்கு எழுத்தே மறந்திருந்தது. அதை ஒட்டித்தான் 2022 ஜூனில், ஒன்று முதல் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை எழுத்தையும் கணக்கையும் கற்பிக்கும் 'எண்ணும் எழுத்தும்' என்ற அரசுத் திட்டம் வந்தது. பிள்ளை இப்போது எங்கே நிற்கிறது என்பதை வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று கீழிருந்து மேலாக மூன்று நிலைகளும் வந்தன. ஈராசிரியர் பள்ளியில் ஒன்று முதல் மூன்று வரை ஒரே அறையில் வைத்திருப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பது உங்களுக்கே தெரியும்.

ஆனால் ஒரு கவலை இருக்கிறது. ஜூன் மாதம் அரும்பில் உட்கார்ந்த பிள்ளை மார்ச் மாதமும் அதே பாயில் உட்கார்ந்திருந்தால், அது படித்துக்கொண்டது தன் இடம் இதுதான் என்பதை மட்டுமே. தமிழில் அரும்பில் இருக்கும் பிள்ளை கணக்கில் மலரில் இருக்கலாம். கழித்தலில் பின்தங்கிய பிள்ளை அளவைகளில் முன்னால் நிற்கலாம். அப்பாவோடு காய்கறிக் கடையில் தராசு பிடித்துப் பழகிய பிள்ளையாக இருக்கும். ஆகவே குழு என்பது அந்தப் பாடத்துக்கு, அந்த வாரத்துக்கு. அடுத்த மூன்று கணக்கு வந்ததும் கலைந்துவிட வேண்டும். அமெரிக்காவில் உளவியலாளர் ரோசென்தாலும் பள்ளி முதல்வர் ஜேக்கப்சனும் செய்து 1968இல் வெளிவந்த ஆய்வில், குலுக்கலில் எடுத்த சில பிள்ளைகளைக் காட்டி, "இவர்கள் இந்த ஆண்டு நன்றாக முன்னேறுவார்கள்" என்று ஆசிரியர்களிடம் சொன்னார்கள். சின்ன வகுப்புகளில் அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிட முன்னேறியதாகவே முடிவு வந்தது. அதன் அளவைப் பற்றிப் பின்னால் நிறைய விவாதம் நடந்தது உண்மை. ஆனாலும் நம்முடைய எதிர்பார்ப்பு பிள்ளைக்குத் தெரிந்துவிடும் என்பதை வகுப்பில் நின்ற யாரும் மறுக்க மாட்டோம்.

இன்னும் சில பிள்ளைகளின் தேவை நோட்டில் தெரியாது. காது சரியாகக் கேட்காத பிள்ளை இருக்கும் வகுப்பில், பலகையில் எழுதிக்கொண்டே பேசாதீர்கள். எழுதி முடித்துத் திரும்பி நின்று, உங்கள் உதடு தெரியப் பேசுங்கள். பார்வை மங்கிய பிள்ளைக்குப் பெரிய எழுத்தும் வெளிச்சம் கூசாத இடமும் வேண்டும். தாளவாடிப் பக்கம் வீட்டில் கன்னடம், ஓசூர்ப் பக்கம் தெலுங்கு. "ராமுவிடம் 42 மாங்காய் இருந்தன, 17ஐ விற்றுவிட்டான்" என்று கேட்டால், அந்தப் பிள்ளைக்கு முதலில் தட்டுவது தமிழ் வாக்கியமாக இருக்கலாம், கழித்தல் இல்லை. குச்சியைக் கையில் கொடுத்துச் செய்யவைத்த பிறகு வாக்கியத்துக்கு வாருங்கள்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று நீங்கள் கேட்பது நியாயம். பதிவேடும் செயலியில் ஏற்ற வேண்டிய விவரமும் மாலை நேரத்தைத் தின்கின்றன. நோட்டுப் பார்க்கும் அந்த அரை மணி நேரத்தை ஆசிரியருக்குத் திருப்பித் தர வேண்டும் என்பதை வாய்ப்புக் கிடைக்கும் ஒவ்வொரு இடத்திலும் சொல்லி வருகிறேன். நீங்களும் எழுத்தில் கேளுங்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு நான்கு நான்கு பேராக உட்காருவோம். திங்கட்கிழமை நடத்தப்போகும் பாடம் ஒன்றை எடுத்து மூன்று கேள்வி எழுதுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் என்னென்ன தவறான விடை வரலாம், அது எந்த யோசனையிலிருந்து வரும் என்பதையும் பக்கத்தில் எழுத வேண்டும். தமிழ் எடுப்பவர்கள் சொல்வதெழுதலை வைத்துச் செய்யலாம். 'கொடி' என்று சொன்னால் 'கெடி' என்று எழுதும் பிள்ளை துணைக்காலை விட்டுவிட்டது. 'கோடி' என்று எழுதும் பிள்ளை குறிலையும் நெடிலையும் பிரித்துக் கேட்கவில்லை. இருவருக்கும் என்ன பயிற்சி தருவீர்கள் என்பதையும் சேர்த்து எழுதிக் கொண்டுவாருங்கள், பேசுவோம்.