கோர்வையை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்

நடுவர் அவர்களே, எதிரணியின் கணக்குப் புலிகளே, சபையோரே, வணக்கம்.

'மேடையில் கற்பனை சுரம் சிறப்பது போட்டு வந்த கணக்காலா, அந்த நேரத்து ஓட்டத்தாலா?' என்பது தலைப்பு. பாடகர் தம் கற்பனையில் ச ரி க ப என்று சுரங்களைக் கோத்துப் பாடுவதுதான் கற்பனை சுரம். ஓட்டத்தால்தான் என்பது எங்கள் கட்சி. கோர்வை, அதாவது கணக்குப் போட்டு அமைத்த முடிப்பு, இல்லாத சுரம் உப்பில்லாப் பண்டம் என்றார் எதிரணித் தலைவர். சரிதான் ஐயா, உப்பு வேண்டும். அதற்காக இலை நிறைய உப்பையே கொட்டிவிட்டு விருந்து என்கிறீர்களே!

சும்மா பேசுவானேன், போட்டே பார்த்துவிடுவோம். எல்லோரும் தொடையில் ஆதி தாளம் போடுங்கள். தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. எட்டு எண்ணிக்கை. எண்ணிக்கைக்கு நாலு மாத்திரை, அதாவது நாலு சிறு துடிப்பு, வைத்தால் ஆவர்த்தனத்துக்கு, அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்றுக்கு, 32. ராகம் ஹம்சத்வனி, ச ரி க ப நி, ஐந்தே சுரம். பல்லவி சமத்தில், அதாவது தாளத்தின் முதல் தட்டில், ச-வில் எடுப்பு (தொடக்கம்) என்று வைத்துக்கொள்வோம். நிறுத்திவிடாதீர்கள், தாளம் போகட்டும்.

இப்போது எதிரணியார் நோட்டில் எழுதி வந்த கோர்வை. முதலில் 6, 5, 4 என்று பசுவின் வால் போலக் குறையும் கோபுச்சம், ஆக 15. பிறகு 'பகரிசநி' என்ற ஐந்து மூன்று முறை, இடையில் இரண்டு இடங்களில் ஒவ்வொரு மாத்திரை கார்வை, அதாவது நீட்டல்; ஆக 17. மொத்தம் 32. கடைசி நி முடிந்ததும் சமத்தில் ச வந்து உட்காரும். அழகுதான், யார் மறுத்தது?

ஆனால் மூச்சு வாங்கப் போய் ஒரே ஒரு மாத்திரை தாமதமாக எடுத்தால்? அந்த நி நேராகச் சமத்தின் தலையில் விழும். ச அடுத்த மாத்திரையில் நொண்டிக்கொண்டு வரும். இடையில் சரிசெய்யலாம் என்றால், எழுதி வந்ததில் ஒட்டுப்போட இடமே கிடையாது. கரணம் தப்பினால் மரணம். அந்தப் பயத்தில் பாடுகிறவர் உள்ளுக்குள் எண்ண ஆரம்பிக்கிறார். எண்ண ஆரம்பித்ததும் முதலில் கழன்றுகொள்வது கமகம், அதாவது சுரத்தின் அசைவு. சுரம் அச்சடித்த எழுத்து மாதிரி மொட்டையாக வருகிறது. அடுத்து கை முந்துகிறது. மிருதங்கக்காரர் பாவம், வாயைப் பார்ப்பதா கையைப் பார்ப்பதா?

கோர்வைக் கணக்கு இல்லாமல் தாளத்தோடு இயல்பாக ஓடும் சர்வலகுவில் இந்த விபத்து இல்லை. தகதிமி தகதிமி என்று நாலு நாலாக ஓடும்போது எங்கே சறுக்கினாலும் நாலு மாத்திரைக்குள் அடுத்த எண்ணிக்கை வந்து தாங்கிக்கொள்ளும். தாங்க ஆள் இருக்கிற தைரியத்தில்தான் 'கபகரி' என்று இறங்க நினைத்தவருக்கு 'கபநிப' என்று ஏறத் தோன்றுகிறது. பாடகர் மதுரை மணி ஐயரின் சர்வலகு சுரங்களை இன்றைக்கும் தேடித் தேடிக் கேட்கிறார்களே, பென்சிலும் பேப்பருமாகவா கேட்கிறார்கள்?

விஞ்ஞானத்தையும் ஒரு சாட்சியாகக் கூப்பிடுகிறேன். சார்ல்ஸ் லிம், ஆலன் பிரான் என்ற இருவர் ஜாஸ் பியானோ கலைஞர்கள் ஆறு பேரை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து வாசிக்கச் சொன்னார்கள். 2008-இல் முடிவு வெளிவந்தது. மனப்பாடமாக வாசித்ததோடு ஒப்பிட்டால், அப்போதைக்கப்போது கற்பனையாக வாசிக்கும்போது, நம்மை நாமே கண்காணித்துத் திருத்தும் வேலையோடு தொடர்புடைய முன்மூளைப் பகுதியின் இயக்கம் தணிந்திருந்தது. ஆறு பேர் சின்ன எண்ணிக்கைதான், ஜாஸும் நம் சங்கீதமல்ல. ஆனாலும் உள்ளே உட்கார்ந்திருக்கும் கணக்குப்பிள்ளை கொஞ்சம் எழுந்து போனால்தான் வேலை நடக்கிறது என்ற எங்கள் கட்சிக்கு அது துணை நிற்கிறது.

"அப்படியானால் தாளமே தெரியாதவனும் பாடலாமா?" என்று கேட்டார் எதிரணியின் இரண்டாம் பேச்சாளர். கூடாது அம்மா. கணக்கு வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அது இருக்க வேண்டிய இடம் கை, தலையல்ல. அதற்கு வழி இருக்கிறது. அலங்காரங்கள் என்ற ஆரம்பப் பயிற்சிகளைத் தினமும் மூன்று காலத்தில், அதாவது மூன்று வேகத்தில், பாடி, தாளம் போடுகிற நினைப்பே இல்லாமல் கை போகும்வரை விடக்கூடாது. பிறகு ப, நி, ச மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு அரை ஆவர்த்தனம், அதாவது 16 மாத்திரை, வாய்க்கு வந்தபடி பாட வேண்டும். முடிகிற சுரம் எடுப்புச் சுரத்துக்குப் பக்கத்து வீடாக இருந்தால் போதும். ச-வில் எடுப்பென்றால் நி-யில் முடிக்கலாம். தப்பினால் நிறுத்தக்கூடாது, தொடர வேண்டும். நிறுத்தி நிறுத்தித் திருத்துகிறவருக்கு நிறுத்தத்தான் பழக்கமாகும். 16 சரளமான பிறகு 32, நாலாவது சுரம், ஐந்தாவது சுரம். நல்லதாக ஒன்று விழுந்தால் நோட்டில் எழுதாதீர்கள். எழுதினால் நாளைக்கும் அதையேதான் பாடுவீர்கள்.

நடுவர் அவர்களே, தாளத்தைத் தொடங்கிவைத்துவிட்டு நான் கோர்வை, ஜாஸ், ஸ்கேன் என்று எங்கெங்கோ சுற்றி வந்தேன். அதன் பிறகு எத்தனை ஆவர்த்தனம் போனதென்று யாரும் எண்ணவில்லை. சபையில் பாதிப் பேர் கை இன்னும் நிற்கவில்லை. எதிரணித் தலைவரின் தொடையைப் பாருங்கள். இப்போதுதான் இரண்டாவது வீச்சு விழுந்தது, சமம் வருகிறது.