பழைய ஓனர் கட்டிய டெக், எங்கள் கதவில் ஒட்டிய நோட்டீஸ்

வணக்கம் மக்களே. தக்காளி நாற்று வீடியோ அடுத்த வாரம் வரும். இன்றைக்கு முழுக்க டெக் கதைதான். நேற்று சாயங்காலம் சிட்டியிலிருந்து, அதாவது எங்கள் நகர நிர்வாகத்திடமிருந்து, மின்னஞ்சல் வந்தது. இன்வெஸ்டிகேஷன் கட்டணம் தள்ளுபடி! அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டு, விடிந்ததும் கேமராவை எடுத்து வைத்துவிட்டேன்.

புதிதாக வந்தவர்களுக்கு மட்டும் சுருக்கமாகச் சொல்கிறேன். நாங்கள் மினசோட்டாவில் இருக்கிறோம். சமையலறைக் கதவைத் திறந்தால் பின்பக்கம் ஒரு மர டெக், அதாவது திறந்த மர மேடை, இருக்கிறது, தொட்டிச் செடி வீடியோக்களில் எல்லாம் பார்த்திருப்பீர்கள். அதைக் கட்டியது எங்களுக்கு வீட்டை விற்றவர். பக்கத்து வீட்டு வேலையைப் பார்க்க வந்த இன்ஸ்பெக்டர் கண்ணில் இது பட்டிருக்கிறது. ரெக்கார்டைத் தேடினால் பெர்மிட், அதாவது கட்டுவதற்கு சிட்டி தருகிற அனுமதி, இல்லை. கதவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போய்விட்டார்கள். 30 நாளுக்குள் பெர்மிட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும், இல்லையென்றால் டெக்கை அகற்ற வேண்டும்.

அந்தக் காகிதத்தைப் பார்த்த பிறகு எங்களுக்குக் கிடைத்த அறிவுரைகளைத்தான் என்னால் தாங்கவே முடியவில்லை. ஒருவர், "இரவோடு இரவாகப் பிரித்துப் போட்டுவிடுங்கள்" என்றார். இன்னொருவர், "பதிலே போடாதீர்கள், அவர்களே மறந்துவிடுவார்கள்" என்றார். மறக்க மாட்டார்கள்! அந்த நோட்டீஸ் உங்கள் வீட்டு முகவரியோடு ஃபைலில் உட்கார்ந்திருக்கும். வீட்டை விற்கப் போகும்போது வெளியே வரும். மூன்றாவது அறிவுரை, "ஹெச்ஓஏ அனுமதி இருந்தால் போதுமே." இது எனக்கு ரொம்ப எரிச்சல். ஹெச்ஓஏ என்பது குடியிருப்பின் வீட்டு உரிமையாளர் சங்கம். அவர்கள் பார்ப்பது நிறமும் தோற்றமும். டெக் ஆளைத் தாங்குமா என்று பார்ப்பது சிட்டி. இரண்டும் வேறு வேறு வேலை. ஒன்று கொடுத்த அனுமதி இன்னொன்றுக்குச் செல்லாது.

எல்லா டெக்குக்கும் பெர்மிட் வேண்டுமா என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். இல்லை. தரையிலிருந்து 30 அங்குலத்துக்கு மேல் போகாமல், வீட்டோடு ஒட்டாமல் தனியாக நிற்கிற மேடை என்றால் இங்கே பொதுவாக பெர்மிட் தேவையில்லை. எங்களுடையது நெஞ்சு உயரம், வீட்டுச் சுவரோடு சேர்த்து அடித்தது. அதனால் தப்பிக்க வழியே இல்லை. பெர்மிட் தேவையில்லாத வேலைக்கும் எல்லைக்கோட்டிலிருந்து இத்தனை அடி தள்ளி இருக்க வேண்டும் என்கிற செட்பேக் விதி இருக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, நாங்கள் என்ன செய்தோம்? முதலில் நோட்டீஸை முழுசாகப் படித்தோம். எந்த விதி எண், எந்தத் தேதி, யார் கையெழுத்து, மேல்முறையீடு பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள், எல்லாவற்றையும் அடிக்கோடு போட்டேன். அன்றைக்கே அந்த அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். நோட்டீஸ் கிடைத்தது, இந்த வேலையை முந்தைய உரிமையாளர் செய்திருக்கிறார், பெர்மிட்டுக்கு விண்ணப்பிக்கப் போகிறோம், வரைபடம் தயாராக அவகாசம் வேண்டும். அவ்வளவுதான். போனில் பேசியதையும் பேசி முடித்த உடனே மின்னஞ்சலில் எழுதி அனுப்பிவிடுவேன். எழுத்தில் இல்லாத பேச்சை நான் நம்ப மாட்டேன், வாஷிங் மெஷின் வாரன்ட்டி வீடியோவைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

இப்போது கட்டண விஷயத்துக்கு வருகிறேன். பெர்மிட் 165 டாலர். அதைக் கட்டத்தான் வேண்டும், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் பெர்மிட் வாங்காமல் வேலையைத் தொடங்கினால் அதற்கு மேல் இன்வெஸ்டிகேஷன் கட்டணம் என்று ஒன்று உண்டு. மினசோட்டா விதிப்படி அது பெர்மிட் கட்டணத்தைத் தாண்டக் கூடாது. அப்படியென்றால் இன்னொரு 165 வரை போகலாம். எங்களிடம் முழுசாகக் கேட்டிருந்தார்கள். அந்த மரத்தில் ஒரு ஆணிகூட நாங்கள் அடிக்கவில்லை! ஏன் கட்ட வேண்டும்?

ஆனால் "நாங்கள் கட்டவில்லை" என்று வாயால் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள், ஆதாரம் வேண்டும். வீடு விற்பனைக்கு வந்தபோது போட்டிருந்த படங்களை வீட்டு ஏஜென்ட்டிடம் கேட்டு வாங்கினேன். அதில் டெக் தெளிவாகத் தெரிகிறது. அடுத்தது, கூகுள் எர்த் ப்ரோ. கம்ப்யூட்டரில் இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம். மேலே கடிகாரம் மாதிரி ஒரு பட்டன் இருக்கும். அதை அமுக்கினால் அதே இடத்தின் பழைய வான்வழிப் படங்கள் வருடவாரியாக வரும். பின்னால் நகர்த்திக்கொண்டே போனேன். ஒரு படத்தில் டெக் இருக்கிறது, அதற்கு முந்தைய படத்தில் வெறும் புல்தரை. அப்போது நாங்கள் இந்த மாநிலத்திலேயே இல்லை! கவுன்ட்டி, அதாவது மாவட்ட நிர்வாக, இணையதளத்திலும் இப்படிப் பழைய படங்கள் இருந்தன, அதையும் எடுத்துக்கொண்டேன். வீடு பதிவான தேதி உள்ள காகிதத்தையும் சேர்த்து ஒரே பிடிஎஃப் ஆக்கி, இந்தத் தேதிக்கு முன்பே டெக் இருந்தது என்று இரண்டே வரி எழுதி அனுப்பினேன். நேற்று பதில் வந்துவிட்டது. எல்லா சிட்டியும் இப்படித் தள்ளுபடி தரும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கேட்பதற்குக் காசு இல்லை, கேளுங்கள். அந்த 165 டாலரை அப்படியே ஸ்க்ரூ வாங்கிய கணக்கில் போட்டுவிட்டேன்.

ஸ்க்ரூ என்றதும் முக்கியமான விஷயம் வந்துவிட்டது. இங்கே கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். டெக்கின் ஒரு பக்கம் வீட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கும் இல்லையா, அந்தப் பலகைக்கு லெட்ஜர் போர்டு என்று பெயர். ஆட்கள் மேலே ஏறினால் பாதி எடை அதில்தான் விழும். எங்கள் லெட்ஜரை இன்ஸ்பெக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். முழுக்க ஆணி. வெறும் ஆணி! எடை ஏற ஏற ஆணி மெல்ல மெல்ல உருவிக்கொண்டு வரும், வெளியே ஒன்றும் தெரியாது. அங்கே இருக்க வேண்டியது அரை அங்குலத் தடிமனுள்ள லேக் ஸ்க்ரூ (மரத்துக்கான தடித்த ஸ்க்ரூ) அல்லது போல்ட். அதுவும் சுவரின் வெளி உறையில் மட்டும் சும்மா இறங்கக் கூடாது, உள்ளே இருக்கிற வீட்டுச் சட்டத்தைப் பிடிக்க வேண்டும். எங்கள் ஜாயிஸ்ட், அதாவது டெக் தரையைத் தாங்குகிற கட்டை, 12 அடி, அதற்கு அட்டவணைப்படி 15 அங்குலத்துக்கு ஒரு லேக் ஸ்க்ரூ, மேலும் கீழுமாக மாற்றி மாற்றிப் போட வேண்டும். இந்த அட்டவணை அமெரிக்கன் உட் கவுன்சில் இலவசமாகத் தருகிற டிசிஏ 6 என்கிற கையேட்டில் இருக்கிறது. படங்களோடு அவ்வளவு தெளிவாகப் போட்டிருக்கிறார்கள், எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. டெக் இருக்கிற எல்லோரும் இறக்கிக்கொள்ளுங்கள்.

லெட்ஜருக்கு மேலே தண்ணீர் உள்ளே இறங்காமல் தடுக்கிற ஃபிளாஷிங் தகடும் இல்லை. இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். 2015 ஜூனில் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் பால்கனி ஒடிந்து ஆறு மாணவர்கள் இறந்தார்கள். உள்ளே தண்ணீர் புகுந்து மரம் உளுத்துப் போயிருந்தது. 2003இல் சிகாகோவில் ஒரு பார்ட்டி நடந்துகொண்டிருந்தபோது வீட்டின் பின்பக்க மர போர்ச் சரிந்து 13 பேர் இறந்தார்கள். அது பெர்மிட் இல்லாமல் கட்டியது என்று சிட்டி சொன்னது. போன கோடையில் என் தோழிகள் குடும்பத்தோடு எங்கள் டெக்கில் நின்று போட்டோ எடுத்தது உங்களுக்கு நினைவிருக்கும். லெட்ஜரைப் பார்த்த பிறகு அந்த வீடியோவை என்னால் பார்க்க முடியவில்லை. நோட்டீஸ் ஒட்டியவர் மேல் எனக்கு இப்போது துளிக்கூடக் கோபம் இல்லை. ஆணி அடித்துவிட்டு விற்றுவிட்டுப் போனவர் மேல்தான் கோபம்.

அப்புறம் ஃபூட்டிங். தூண் நிற்கிற கான்கிரீட் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று காட்டச் சொன்னார்கள். குளிரில் மண் உறைந்து உப்பும்போது மேலோட்டமான ஃபூட்டிங்கைத் தூக்கிவிடும். அதனால் மினசோட்டாவின் தெற்குப் பகுதியில் 42 அங்குலம், வடக்கில் 60 அங்குலம் ஆழம் வேண்டும். நாங்கள் தெற்கு. புதைந்திருப்பதை எப்படிக் காட்டுவது? ஒரு தூண் பக்கத்தில் குழி தோண்டத்தான் வேண்டும்.

தோண்டுவதற்கு இரண்டு வேலைநாள் முன்கூட்டியே 811 என்கிற போன் எண்ணுக்குச் சொல்ல வேண்டும். இது இலவசம். அவர்கள் வந்து தரைக்கு அடியில் எது போகிறது என்று கொடி நட்டு, பெயின்ட் அடித்துவிட்டுப் போவார்கள். சிவப்பு மின்சாரம், மஞ்சள் கேஸ், நீலம் தண்ணீர், ஆரஞ்சு இன்டர்நெட் கேபிள், பச்சை கழிவுநீர். எங்கள் புல்தரை முழுக்க ஒரே வண்ணக் கொடி. பையன் அதைப் பார்த்துத் திருவிழா என்றான். மஞ்சள் கொடி தூணுக்கு எவ்வளவு பக்கம் என்று பார்த்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. தோண்டும் இடத்தை மறுபக்கம் மாற்றினோம். என் கணவரும் தம்பியும் தோண்டினார்கள். டேப் வைத்தால் 44 அங்குலம்! அந்த ஓனர் செய்ததில் உருப்படியான ஒரே வேலை அந்தக் கான்கிரீட்தான். குழியை மூடாமல் வைத்து, சுற்றிக் கயிறு கட்டி, இன்ஸ்பெக்டர் பார்த்த பிறகுதான் மண்ணைத் தள்ளினோம்.

ஒன்று விட்டுவிட்டேன், வரைபடம். இதற்கு எஞ்சினியரிடம் போகவில்லை. எங்கள் சிட்டி கையால் வரைந்ததை ஏற்றுக்கொள்கிறது. மேலிருந்து பார்த்தால் டெக் எப்படி, எல்லைக்கோடு எத்தனை அடி, பக்கவாட்டில் பார்த்தால் தூண், பீம், ஜாயிஸ்ட் அளவு என்ன. கட்டம் போட்ட தாளில் கால் அங்குலம் ஒரு அடி என்று போட்டேன். இருப்பதை அப்படியே வரைந்து, மாற்றப் போவதைச் சிவப்பில் காட்டினேன். இருக்க வேண்டியதை இருப்பதாக வரையாதீர்கள், நேரில் வந்து அளப்பார்கள்.

ரெயிலிங்கில் இரண்டு இடத்தில் கம்பிக்கு நடுவே 4 அங்குலப் பந்து நுழைகிறது. நுழையக் கூடாது. குழந்தையின் தலை மாட்டக் கூடாது என்பதற்கான அளவு அது. அங்கே கூடுதல் கம்பி போட்டாயிற்று. படி, ரெயிலிங்கின் 36 அங்குல உயரம், எல்லாம் சரியாகவே இருந்தன.

போன போஸ்டில் ஒருவர், "இன்ஸ்பெக்டரை உள்ளே விடத்தான் வேண்டுமா?" என்று கேட்டிருந்தார். நல்ல கேள்வி. 1967இல் கமாரா வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அவசர நிலை இல்லாதபோது, நீங்கள் சம்மதிக்காவிட்டால் அவர்கள் வாரன்ட் வாங்கித்தான் வீட்டுக்குள் வர வேண்டும். அந்த உரிமை உங்களுக்கு இருக்கிறது. நான் சம்மதித்தேன், ஆனால் நேரம் குறித்து, நாங்கள் இருவரும் வீட்டில் இருக்கும்போது, டெக்கை மட்டும் பார்க்க. அதையும் மின்னஞ்சலில் எழுதினேன். அவரும் டெக்கை மட்டும் பார்த்துவிட்டுப் போனார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். லெட்ஜர் வேலைக்கு முதலில் வந்த கான்ட்ராக்டர், "பெர்மிட்டை நீங்களே உங்கள் பெயரில் எடுத்துவிடுங்கள், சுலபம்" என்றார். அப்படிச் சொல்கிறவரிடம் எச்சரிக்கையாக இருக்கச் சொல்லி எஃப்டிசியே, அதாவது நுகர்வோரைப் பாதுகாக்கிற அமெரிக்க அரசு அமைப்பே, எழுதியிருக்கிறது. அவரை அனுப்பிவிட்டு, மாநில லைசென்ஸ் காட்டியவரை வைத்துக்கொண்டோம். பெர்மிட்டில் அவர் பெயர் இருக்கிறது.

லேக் ஸ்க்ரூ எல்லாம் இறங்கிவிட்டது, தகடும் போட்டாயிற்று. ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் வியாழக்கிழமை காலை. அதுவரை டெக்கில் யாரும் ஏறக் கூடாது, சமையலறைக் கதவைப் பூட்டி நாற்காலி போட்டு வைத்திருக்கிறேன். நான் முதல் நாள் அனுப்பியது, தள்ளுபடி கேட்டு அனுப்பியது, இந்த இரண்டு மின்னஞ்சல்களையும் பெயர், முகவரி நீக்கி டிஸ்கிரிப்ஷனில் போட்டிருக்கிறேன், எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மாநிலத்தில் ஃபூட்டிங் எத்தனை அங்குலம் என்று சிட்டியிடம் கேட்டுக் கமென்ட்டில் எழுதுங்கள், பின் செய்து வைக்கிறேன். வியாழக்கிழமை பார்க்கலாம்.