‘டால்’ என்ற சொல் உயரத்துக்கு வந்து சேர்ந்த வழி

வணக்கம். திருமங்கலத்திலிருந்து ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: “ஆங்கிலத்தில் ஆளை ‘டால்’ என்கிறார்கள், மலையை ‘ஹை’ என்கிறார்கள். தமிழில் இரண்டும் உயரம்தானே? ‘டால்’ என்ற சொல் எங்கிருந்து வந்தது?” கேள்வியின் முற்பாதியை விரைவாக முடித்துவிடுகிறேன், என்னைச் சில நாட்களாகப் பிடித்து வைத்திருப்பது பிற்பாதிதான்.

செங்குத்தாக நீண்டு, அகலம் குறைந்து நிற்பவற்றுக்கு ‘டால்’ இயல்பாகப் பொருந்தும்: மனிதர், தென்னை, கோபுரம். மீனாட்சியம்மன் கோயிலின் தெற்குக் கோபுரம் ஏறக்குறைய 170 அடி, அது ‘டால்’. ஒத்தக்கடையில் படுத்துக் கிடக்கும் யானைமலை உயரமானதுதான் என்றாலும், அதன் நீளம் உயரத்தை விழுங்கிவிடுவதால் அதற்கு ‘ஹை’ என்பதே பொருத்தம். ஒரு பொருள் தரையிலிருந்து எவ்வளவு மேலே இருக்கிறது என்பதையும் ‘ஹை’ சொல்லும். கோபுர உச்சியில் உட்கார்ந்த புறா ‘ஹை’யில் இருக்கலாம், ‘டால்’ ஆகாது. மனிதருக்கு ‘ஹை’ போட்டால் வம்பு. என் மாணவன் ஒருவன், தன் தந்தை நல்ல உயரம் என்று எழுத நினைத்து, ‘மை ஃபாதர் இஸ் வெரி ஹை’ என்று எழுதிவிட்டான். தந்தை போதையில் இருக்கிறார் என்று அதற்குப் பொருள். அவரோ காபியைக்கூடத் தொடாத மனிதர்.

இனி பிற்பாதிக்கு வருவோம். ‘டால்’ முதலில் உயரத்தைக் குறித்த சொல்லே அன்று. விரைவான, ஆயத்தமான என்ற பொருள் கொண்ட பழைய ஆங்கிலச் சொல் ஒன்றிலிருந்து அது வந்திருக்கலாம் என்பது சொல்லாய்வாளர்களின் பொதுவான கருத்து. 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவிஞர் சாசர் அதைப் பணிவு என்னும் சொல்லோடு சேர்த்து, சொன்னபடி கேட்கும் ஆளுக்குப் பயன்படுத்தியிருக்கிறார். அழகன், தக்கவன், வீரன் என்றெல்லாம் அது பொருள் தந்திருக்கிறது. உயரம் என்ற பொருள் தெளிவாகத் தலைகாட்டுவது 16ஆம் நூற்றாண்டில்தான். அப்போதும் பழைய பொருள் உடனே விடைபெறவில்லை. ஷேக்ஸ்பியரின் ‘பன்னிரண்டாம் இரவு’ நாடகத்தில், சர் ஆண்ட்ரூ என்ற ஆளை, இந்த நாட்டில் யாருக்கும் குறையாத ‘டால்’ மனிதர் என்று அவருடைய நண்பர் புகழ்கிறார். அங்கே அதற்கு வீரர் என்று பொருள். அதனால் என்ன என்று பணிப்பெண் கேட்க, ஆண்டுக்கு 3,000 டூகட், அதாவது பொற்காசு, வருமானம் இருக்கிறதே என்று பதில் வருகிறது. மேலூர்ப் பக்கத்துத் தரகர் ஒருவர் வரன் பேசுவதைக் கேட்பது போல் எனக்கு இருந்தது.

வீரனும் அழகனும் எப்படி நெட்டையன் ஆனார்கள் என்று கேட்டால், நம் பேச்சிலேயே விளக்கம் இருக்கிறது. ‘பையன் வாட்டசாட்டமாக இருக்கிறான்’ என்கிறோமே, அதில் உயரம் எவ்வளவு, உடற்கட்டு எவ்வளவு, பார்வைக்கு நன்றாக இருப்பது எவ்வளவு என்று பிரித்துக் காட்ட முடியுமா? இப்படி மூன்றையும் சேர்த்துச் சொன்ன ஒரு பாராட்டுச் சொல்லில், நாளடைவில் உயரம் மட்டும் தங்கி மற்றவை உதிர்ந்துவிட்டன என்றே நான் எண்ணுகிறேன்.

அதற்கு முன்பு நெட்டை மனிதனை ஆங்கிலேயர் எப்படி அழைத்தார்கள் என்றும் நேயர் கேட்டிருந்தால் எனக்கு இன்னும் மகிழ்ச்சியாக இருந்திருக்கும். ‘லாங்’ என்ற சொல்லே அந்த வேலையையும் செய்தது. ‘லாங்’ பற்றிய காணொளியில் இதைத் தொட்டிருக்கிறேன். 1272 முதல் 1307 வரை இங்கிலாந்தை ஆண்ட முதலாம் எட்வர்டுக்கு ‘லாங்ஷாங்க்ஸ்’, அதாவது நெடுங்காலன் என்று பட்டப்பெயர் இருந்தது. 1774இல் அவர் கல்லறையைத் திறந்து அளந்தபோது உடல் 6 அடி 2 அங்குலம் இருந்தது.

நம் ‘நெடு’வும் அப்படித்தான்: நெடுஞ்சாலையில் நீளம், நெடுநாளில் காலம், நெடுமரத்தில் உயரம். ஆனால் பாராட்டு விஷயத்தில் அது ‘டால்’ போன வழிக்கு எதிர்த்திசையில் நடந்திருக்கிறது. அங்கே பாராட்டு உயரமாகச் சுருங்கியது. இங்கே அளவைச் சொன்ன சொல் பெருமையாக விரிந்தது. மதுரையை ஆண்ட தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனையே பாருங்கள். தாலி என்னும் சிறுவர் அணியை இன்னும் கழற்றாதவன், பாலை விட்டு இன்றுதான் சோறு உண்டவன் என்று, போர்க்களத்தில் நின்ற அவனைப் புறநானூற்றின் 77ஆம் பாடல் வியக்கிறது. அந்தச் சிறுவன் பெயரில் நிற்கும் ‘நெடு’, அடிக்கோல் வைத்து அளந்ததாக இருக்க முடியாது. ‘டால்’ பற்றிப் படிக்கப் படிக்க எனக்கு நினைவுக்கு வந்துகொண்டே இருந்தவன் இவன்தான்.

இதே நேயர், உயரம் என்று பொருள்படும் ‘ஹைட்’ என்பதைச் சிலர் ‘ஹைத்’ என்கிறார்களே, அது பிழைதானே என்றும் ஒரு வரி சேர்த்திருக்கிறார். இன்றைய வழக்கில் ‘ஹைட்’ என்பதே சரி. ஆனால் ‘விட்த்’ (அகலம்), ‘டெப்த்’ (ஆழம்) ஆகியவற்றைப் போலவே அதுவும் பழங்காலத்தில் ‘த்’ ஒலியில் முடிந்த சொல்தான். 17ஆம் நூற்றாண்டில் கவிஞர் மில்டன்கூட அந்த வடிவத்தை எழுதியிருக்கிறார். ஆகவே தேர்வுத்தாளில் ‘ஹைட்’ என்றே எழுதுங்கள். ‘ஹைத்’ என்று பேசும் பெரியவரைத் திருத்தப் போக வேண்டாம்.