ஆற்றில் கொட்டினாலும் அளந்து கொட்டு

(மேடை உரையின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, மேடையைச் சிறப்பிக்கும் மீன்வளத் துறை, வனத் துறை அதிகாரிகளே, இன்றைய மீன்பாட்டை விட்டுவிட்டு வந்திருக்கும் மீனவர் கூட்டுறவுச் சங்கத் தலைவர்களே, உள்ளாட்சி உறுப்பினர்களே, பேராசிரியப் பெருமக்களே, இடமில்லாமல் பின்னால் நிற்கும் மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். பொன்னாடைக்கும், எனக்கு முன்னால் பேசியவர்கள் சொன்ன நல்ல வார்த்தைகளுக்கும் நன்றி. முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மூத்த வலைக்காரர்களுக்குத் தனி வணக்கம். அவர்கள் கைக்குத் தெரிந்த பலவற்றை ஆய்வகம் பிறகுதான் தெரிந்துகொண்டது.

கெண்டைக் குடும்பத்துப் பெரிய ஆற்று மீனான, காவிரியின் திமில் மகசீரைப் பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். ஒன்று, அது எந்த மீன். இரண்டு, மீன்குஞ்சு பொரிக்கும் பொரிப்பகத்தில் இணை சேர்க்கும் முறை. மூன்று, அணையும் மணலும்.

ஆற்றில் கொட்டினாலும் அளந்து கொட்டு என்பார்கள். நாம் கொட்டினோம். எத்தனை லட்சம் குஞ்சு என்று எண்ணவும் எண்ணினோம். எந்த மீனின் குஞ்சு என்று மட்டும் கேட்கவில்லை.

1946-இல், விலங்குகளைப் பாடம் செய்யும் மைசூர்க் குடும்பத்து வான் இங்கன், காவிரியின் கிளையாறான கபினியில் தூண்டிலில் பிடித்த மகசீரின் எடை 120 பவுண்டு, அதாவது 54 கிலோ. இந்தக் கூட்டத்தில் அவ்வளவு எடை இல்லாதவர்கள் சிலர் இருக்கிறார்கள், கைதூக்கச் சொல்லமாட்டேன். இந்தப் பெரிய மீனைப் பிடிக்கத் தூண்டில்காரர்கள் கடல் கடந்து வந்தார்கள். படம் எடுத்தார்கள், பாடம் செய்து சுவரில் மாட்டினார்கள். அறிவியல் பெயர் என்ன என்று கேட்டால் ஆளுக்கொரு பதில். இதற்கிடையே 2007-இல், அமராவதியில் சேரும் கேரளத்துப் பாம்பாற்றில் கிடைத்த சிறிய மீன்களைக் கொண்டு, டோர் ரெமாதேவி என்று ஒரு புதிய இனத்தை விவரித்தார்கள். இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் ரமாதேவி அவர்களைச் சிறப்பிக்க வைத்த பெயர் அது. 2018-இல் உடலமைப்பையும் மரபணுவையும் ஒப்பிட்டார்கள். பாம்பாற்றுச் சிறுமீனும் காவிரியின் திமில் பூதமும் ஒரே இனம்! அதே ஆண்டில் அது ‘மிக அருகிய இனம்’ என்று, அழிவை நெருங்கும் உயிரினங்களின் உலகச் செம்பட்டியலில் ஏறியது. பெயர் கிடைத்ததும் அபாய அறிவிப்பும் வந்துவிட்டது.

அதற்குள் கிருஷ்ணா வடிநிலத்தின் நீலத்துடுப்பு மகசீர் காவிரியில் பரவியிருந்தது. 1970-களிலிருந்து மகாராஷ்டிரத்தின் லோனாவாலாவில் நல்லெண்ணத்தோடு வளர்த்த இனம் அது. அதன் குஞ்சுகள் இங்கும் வந்தன. 1998 முதல் 2012 வரையிலான தூண்டில் பதிவுகளில் நீலத்துடுப்பு ஏறுகிறது, திமில் இறங்குகிறது. இன்று திமிலுக்கு மிஞ்சிய முக்கியப் புகலிடம் நீலகிரிப் பக்கத்து மோயாறு.

‘நம் மீனையே பொரித்து விடலாமே’ என்பீர்கள். விடலாம், அளந்து. 50 பெண், 2 ஆண் வைத்துப் பொரித்தால் தாய்மீன் 52 என்று ஏட்டில் இருக்கும். மரபுப் பன்மையைக் காப்பதில் அவை எத்தனை மீனுக்குச் சமம் என்னும் மரபுக் கணக்கு வேறு: ஆணையும் பெண்ணையும் பெருக்கி, நான்கால் பெருக்கி, கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். 400-ஐ 52-ஆல் வகுத்தால் 8 கூட வராது. ஒரு தலைமுறையில் மரபுப் பன்மையில் 6.5 விழுக்காடு போய்விடும். அதே 52-ஐ 26 ஆண், 26 பெண் என்று வையுங்கள், இழப்பு ஒரு விழுக்காட்டுக்கும் கீழே.

ஆற்றில் விட்டபின் இது பெருகும். ஆற்று மீன்களின் மரபுக் கணக்கு 200 என்று வைத்துக்கொள்வோம். அடுத்த தலைமுறையில் பாதி அந்த 8 கணக்குப் பொரிப்பகத்திலிருந்து வந்தால், மொத்தக் கணக்கு 31-க்கு இறங்கும். குஞ்சு அதிகம் பிழைத்தால் அந்த மீன்களின் பங்கு கூடி, சேதமும் கூடும். ஆகவே ஆற்றில் கொட்டினாலும் பெற்றோரை அளந்து கொட்டு!

செய்முறைக்கு வருவோம். ஒவ்வொரு தாய்மீனுக்கும் உடலுக்குள் மின்னணு அடையாள வில்லை. மரபணுச் சோதனைக்காகத் துடுப்பு ஓரத்தில் சிறு துண்டு வெட்டி 95 விழுக்காடு எத்தனாலில் வைக்க வேண்டும். பாத்திரமும் கையும் மீனின் வயிறும் துடைத்துக் காய்ந்திருக்கட்டும், ஈரம் பட்டால் விந்தணு முட்டையை அடையுமுன்னே வீரியம் இழக்கும். நாலைந்து ஆணின் விந்தைக் கலந்து ஊற்றுவதுதான் வழக்கத்தில் உள்ள பெரிய தவறு. பேருந்து நிறுத்தத்தில் முண்டியடிப்பதுபோல் வலுத்தவன் ஒருவனே பெரும்பாலான முட்டைகளைப் பிடித்துக்கொள்வான். ஒரு பெண்ணின் முட்டையை நாலைந்து கிண்ணங்களில் பிரித்து, கிண்ணத்துக்கு ஓர் ஆண் என்று தனித்தனியே சேர்க்க வேண்டும். குஞ்சு விடும்போது குடும்பத்துக்குச் சம எண்ணிக்கை. சிறுத்ததைக் கழித்துப் பெருத்ததை மட்டும் விட்டால், நாம் தேர்ந்தெடுப்பது சிமெண்டுத் தொட்டிக்கு ஏற்ற மீனை.

இனம் பார்க்க மைட்டோகாண்ட்ரியா மரபணுச் சோதனை மட்டும் போதாது. அது தாய்வழி மட்டுமே காட்டும். நீலத்துடுப்புத் தந்தைக்கும் திமில் தாய்க்கும் பிறந்த கலப்பு, அதில் சுத்தத் திமிலாகவே தெரியும். உட்கரு மரபணுவையும் பார்க்க வேண்டும். மகசீருக்கு 100 குரோமோசோம், மற்ற பல கெண்டைகளுக்கு ஏறத்தாழ இதில் பாதி. ஆய்வகத்தில் இதைச் சொல்லாமல் மாதிரி அனுப்பினால் கணக்குக் குழம்பும்.

மணி அடித்துவிட்டார் செயலாளர். அணையும் மணலும் இன்னொரு மேடைக்கு.

அதிகாரிகளிடம் ஒரே விண்ணப்பம்: தாய்மீன் பதிவேடு. மீனின் எண், பிடித்த ஆறும் இடமும், துடுப்பு மாதிரி எண், எந்த ஆண் எந்தப் பெண்ணோடு, குடும்பத்துக்கு எத்தனை குஞ்சு, எங்கே விட்டோம் என ஆறு பத்திகள் போதும். பதிவேடு இல்லாத பொரிப்பகத்தின் மகசீர்க் குஞ்சு காவிரியிலோ பவானியிலோ மோயாற்றிலோ விடப்படக் கூடாது என்பதை இன்றைய தீர்மானத்தில் முதல் வரியாகச் சேர்க்குமாறு அவைத்தலைவரை வேண்டி அமர்கிறேன்.