ஸ்டியரிங் ஆடுகிறதா? முதலில் பாக்ஸைத் தொடாதீர்கள்

(காட்சி: வெள்ளவத்தையில் ஓர் ஒழுங்கை. பழைய டொயோட்டா டிஎக்ஸ் வேகன்.)

காலி வீதியில் நேராகப் போகும்போதே இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று ஸ்டியரிங்கைத் திருத்திக்கொண்டு ஓட்டுகிறீர்களா? இந்த வேகனுக்கும் அதே வருத்தம்தான்.

முன்பு ஒரு கராஜில் காட்டினேன். ஸ்டியரிங் பாக்ஸின் (ஸ்டியரிங் திருப்புவதைச் சில்லுகளுக்குக் கடத்தும் பல்சக்கரப் பெட்டி) மேலிருக்கும் ஸ்குரூவை அரைச் சுற்று இறுக்கிவிட்டு, "சரி" என்று சாவியைத் தந்தார்கள். ஆட்டம் குறைந்த மாதிரித்தான் இருந்தது. ஆனால் முடக்கில் திருப்பினால் ஸ்டியரிங் தானாக நேருக்கு வரவில்லை. பாக்ஸ் அதிகம் தேய்வது நடுவில், நேராக ஓடும் இடத்தில். நடுவுக்கு அளவாக இறுக்கினால், தேயாத ஓரங்களில் பிடித்துக்கொள்ளும்.

(காட்சி: வாகனத்தின் அடியில்.)

ஆகவே மூட்டுகளில் இருந்து தொடங்குவோம். ஜக் இப்போது வேண்டாம். சில்லுகள் நிலத்தில் பாரம் தாங்கி நிற்க வேண்டும். எஞ்சின் நிறுத்தியாயிற்று.

"தம்பி, கொஞ்சமா இடம் வலம் ஆட்டுங்க."

விரலை மூட்டின் இரு பக்கத்திலும் படும்படி வைக்கிறேன். ஒரு பக்கம் அசைந்து, மறுபக்கம் பிந்தி அசைந்தால் அந்த மூட்டு போய்விட்டது. டை ரொட் எண்ட் (சில்லைத் திருப்பும் கம்பிகளின் முனை மூட்டு) நான்கையும் இப்படிப் பாருங்கள். மூட்டை மூடிய ரப்பர் கிழிந்திருந்தால், ஆட்டம் இல்லாவிட்டாலும் மாற்றுங்கள். மழை வெள்ளத்தில் ஓடிய வாகனத்தில் உள்ளே கிறீஸ் இருக்காது, சேறுதான்.

பலர் மறப்பது ஐட்லர் ஆர்ம், பாக்ஸுக்கு எதிர்ப்பக்கத்தில் ஸ்டியரிங் கம்பியைத் தாங்கும் கை. பாக்ஸ் வலப்பக்கம் என்றால் இது இடப்பக்கம், சேஸிஸில். பிடித்து மேலும் கீழும் ஆட்டுகிறேன்... பார்த்தீர்களா? இது ஆடுகிறது. உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போய் டை ரொட் எண்டை மட்டும் வாங்கி வந்தால் காசுதான் வீண்.

பிறகு ஜக் போட்டு, ஸ்டாண்டில் இறக்கி, சில்லை மணிக்கூட்டின் 3, 9 இடங்களில் பிடித்து ஆட்டுங்கள். ஸ்டியரிங் மூட்டுகளின் ஆட்டம் இதில் தெரியும். 12, 6 இடங்களில் ஆடினால் சந்தேகம் பேரிங் மீதோ போல் ஜொயின்ட் (சில்லைத் தாங்கும் குண்டு மூட்டு) மீதோ.

(காட்சி: டை ரொட் எண்ட், சுத்தியல்.)

கழற்றும்போது ஸ்பிளிட் பின்னை (நட் கழலாமல் குறுக்கே செருகிய கம்பி) இழுத்து, நட்டைச் சில சுற்றுகள் மட்டும் தளர்த்துங்கள், முழுதாக எடுக்காதீர்கள். எண்ட் உட்கார்ந்திருக்கும் ஆர்மின் கண்ணை, அதாவது துளையுள்ள முனையை, பக்கவாட்டில் ஓங்கித் தட்டுங்கள். நட்டின் தலையில் அடித்தால் புரிதான் நசுங்கும். கடற்காற்றுக்குத் துருப்பிடித்தது விடாவிட்டால் புல்லர் (மூட்டைப் பிரித்தெடுக்கும் கருவி) போடுங்கள். எண்டைத் திருகி எடுக்கும்போது எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். ஒரு முனையில் புரி எதிர்த்திசையில் இருக்கும்.

புதியதைப் பூட்டுகையில் பின் துளை நேராக வராவிட்டால் நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்குங்கள். தளர்த்தி நேர்படுத்த வேண்டாம். பின் புதிதாக இருக்கட்டும். எண்ணிய சுற்றுகளை நம்பி ஓட்டாமல், நேரே வீல் எலைன்மன்டுக்குப் போங்கள்.

இந்த வேகனுக்கு மாற்றியது ஐட்லர் ஆர்ம், ஒரே ஒரு எண்ட். அப்புறம் பாக்ஸில் அந்த அரைச் சுற்றையும் திருப்பித் தளர்த்தினேன். இப்போது முடக்கில் கையை இலேசாக விட்டால், ஸ்டியரிங் தானாக நேருக்கு வருகிறது.