வீடு யார் வசம், பூட்டு யாரோடது

நேயர்களுக்கு வணக்கம். எங்கப்பா திண்டுக்கல்லுல பூட்டுப் பட்டறையில அரம் தேய்ச்சவரு, நான் மதுரையில சாவி போடுற கடை வச்சிருக்கேன், இருபது வருஷம் தாண்டிருச்சு. சாவி இல்லாம அடுத்தவங்க பூட்டைத் தெறக்கலாமா, அது குத்தமா, அதைப் பத்திப் பேசுங்கன்னு ரேடியோ நிலையத்துல கேட்டாங்க. கடைக்கு வர்ற காலேஜ் பசங்களும் இதைத்தான் கேக்குறாங்க.

கதவுல பதிச்சிருக்குற சிலிண்டர் பூட்டுக்குள்ள குட்டிக் குட்டி பின்னுங்க வரிசையா நிக்கும், ஒவ்வொண்ணு மேலயும் ஒரு ஸ்பிரிங் இருக்கும். சரியான சாவி போனா எல்லாம் ஒரே மட்டத்துக்கு வந்து சிலிண்டர் சுத்தும். சாவி இல்லன்னா நான் ஒரு கம்பியால லேசா திருப்பிப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு கம்பியால ஒவ்வொரு பின்னா தூக்குவேன், ஒண்ணு உக்காரும்போது விரல் நுனியில டிக்குன்னு ஒரு சின்ன அசைவு தெரியும், காதுல கேக்குறதுக்கு முன்னாடி விரலுக்குத் தெரிஞ்சுரும். இந்தக் கைப்பழக்கத்துல எந்தப் பாவமும் இல்லங்க.

1851ல லண்டன்ல பெரிய கண்காட்சி நடந்தப்போ அமெரிக்காவுலேர்ந்து வந்த ஆல்ஃபிரட் ஹாப்ஸ்ங்கற பூட்டு நிபுணரு, தெறக்கவே முடியாதுன்னு பேர் வாங்குன, சப்ங்கற (Chubb) கம்பெனியோட பூட்டை சாட்சிங்க முன்னாடி 25 நிமிஷத்துல தெறந்தாரு. பிராமாங்கற இன்னொரு பூட்டுக் கம்பெனிக்காரங்க "இதைத் தெறந்தா 200 கினி (அந்தக் காலத்து இங்கிலாந்துப் பணம்) தர்றோம்"னு கடை ஜன்னல்லயே பல வருஷமா ஒரு பூட்டை வச்சிருந்தாங்க, அதையும் 16 நாள்ல மொத்தம் 51 மணி நேரம் உக்காந்து தெறந்துட்டாரு. இதையெல்லாம் வெளிய சொன்னா திருடன் கத்துக்குவானேன்னு அப்பவே சண்டை வந்துச்சு. திருடனுக்கு ஏற்கனவே தெரியும், ஏமாந்து நிக்கிறது பூட்டு வாங்குனவன்தான்னு ஹாப்ஸ் வாதாடுனாரு, என் அனுபவத்துல அது சத்தியம். ஆனா அவரு செஞ்சது திருட்டுத்தனமா இல்ல, வெளிப்படையா.

இப்போ நம்ம சட்டத்துக்கு வர்றேன். 2024 ஜூலை 1லேர்ந்து, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலா பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில இருக்கு, அதுல 329ஆம் பிரிவு அத்துமீறலைப் பத்திப் பேசுது. அங்க சொத்து யாருக்குச் சொந்தம்னு பாக்கல, யார் வசத்துல இருக்குன்னுதான் பாக்குது. குத்தம் செய்யவோ, மிரட்டவோ, அவமானப்படுத்தவோ, தொந்தரவு பண்ணவோ நினைச்சு உள்ள போனா அத்துமீறல். அப்படிப் போறதுக்காக பூட்டைத் தெறந்தா 330ஆம் பிரிவுப்படி வீட்டை உடைச்சு நுழைஞ்ச கணக்கு, ஒரு கீறல் விழாம தெறந்திருந்தாலும் சரி. பகல்ல 2 வருஷம் வரைக்கும், ராத்திரின்னா 3 வருஷம் வரைக்கும் ஜெயில், திருடுற எண்ணம் இருந்தா இன்னும் ஏறும்.

இந்த "வசம்"ங்கற சொல்லு என்னை ஒரு தடவை காப்பாத்திச்சு. சாயங்காலம் ஒருத்தர் வந்து "சாவி தொலைஞ்சுபோச்சு, வீட்டைத் தெறந்து குடுங்கண்ணே"ன்னு கூட்டிட்டுப் போனாரு, வீட்டு வரி ரசீது கூட அவரு பேர்லதான் இருந்துச்சு, நானும் நம்பி கம்பியை வெளிய எடுத்துட்டேன். அப்பத்தான் கீழ பாத்தேன். காலையில போட்ட கோலம் பாதி கலைஞ்சு கெடக்கு, கேட்டுல பால் பை தொங்குது, ஓரமா ஒரு சின்னப் புள்ளையோட செருப்பு, ஒரு வார் அறுந்து சேஃப்டி பின் குத்தியிருக்கு. யாருண்ணே குடியிருக்காங்கன்னேன். மூணு மாசம் வாடகை பாக்கி, ஊருக்குப் போயிருக்காங்க, சாமானை வெளிய வச்சுட்டு என் பூட்டைப் போடப்போறேன்னாரு.

வீடு அவரோடதுதான், பாக்கியும் நெசமாவே இருக்கலாம், ஆனா அதுக்குக் கோர்ட்டுக்குப் போகணும், எங்கிட்ட வரக்கூடாது. "அண்ணே, அவங்க வரட்டும், அவங்க சொன்னா தெறக்குறேன்"னேன். ரெண்டு மடங்கு தர்றேன்னாரு. கம்பியைப் பைக்குள்ள போட்டுட்டு வந்துட்டேன்.

அன்னையிலேர்ந்து ஆதார்ல இருக்குற விலாசத்தைப் பாப்பேன், பக்கத்து வீட்டுக்காரங்க ஒருத்தரைக் கூப்பிட்டு நிறுத்துவேன், நோட்டுல கையெழுத்து வாங்குவேன். மருந்து உள்ள மாட்டிக்கிச்சுன்னு அழுத ஒரு பாட்டிக்கு மட்டும் தெறந்துட்டு அப்புறமா எழுதுனேன், அப்பவும் எதுத்த வீட்டு அக்கா கூடவே நின்னாங்க.

கத்துக்கணும்னு வர்ற பசங்களுக்குப் பழைய பூட்டு ஒண்ணு குடுப்பேன். ஹாஸ்டல் ரூம் பூட்டுல, ஃப்ரெண்டோட பைக்ல பழகிப் பாக்காதீங்கடான்னு சொல்லித்தான் குடுப்பேன், ஏன்னா உள்ள ஒரு பின்னு கோணிட்டா ராத்திரி பத்து மணிக்கு வந்து அந்த ரூமுக்காரப் பையன் வெளிய நிப்பான். சொந்தப் பூட்டா இருந்தாலும் கதவுல தொங்குறதை எடுத்துப் பழக வேண்டாம்பேன். ஒரு பையன் எட்டு நாள் கடையில உக்காந்து தெறந்தான், போன மாசம் அவனே ஒரு பூட்டு காசு குடுத்து வாங்கிட்டு வந்து, "அண்ணே, இது என்னோடது, பில் இருக்கு"ன்னு பில்லை நீட்டுறான்.